வெட்டாம விட்ட காய்

வாங்க டீச்சர், உள்ள வாங்க. செருப்பு வாசல்லயே கிடக்கட்டும், இந்தத் தெருவுல எவனும் எடுக்க மாட்டான். இப்படி ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. செல்வி இப்பத்தான் பால் வாங்கப் போனா. நீங்க நாலு மணிக்கு மேலதான் வருவீங்கன்னு சொல்லிக்கிட்டு இருந்தா, நீங்க என்னடான்னா அதுக்குள்ள வந்துட்டீங்க. அதுவும் நல்லதுக்குத்தான். அவ இருந்தா என்னைப் பேச விட மாட்டா. "அத்தை, டீச்சர்ட்ட தேவையில்லாம எதையும் சொல்லிராதீங்க"ன்னு காலையில இருந்து ஒரே பாட்டு. நான் என்ன கோள் சொல்லுத பொம்பளையா? கேட்டா சொல்லுவேன். கேக்கலைன்னாலும் சொல்லுவேன், அது வேற விஷயம்.

நான் அவ மாமியா. பேரு இசக்கியம்மா. அவ மாமனார் பேரு உங்க பேப்பர்லயே இருக்கும், பாத்துக்கிடுங்க. அது என் வாயில வராது. இவுக உள்ளதான் படுத்திருக்காக. மத்தியான மாத்திரையைப் போட்டுட்டா இடி விழுந்தாலும் தெரியாது, அதனால நாம தாராளமாப் பேசலாம்.

எல்லாம் சொல்லிட்டா டீச்சர். மாமாவை நான் இப்படி இப்படித் தேத்தியிருக்கேன்னு இவ காலேஜ்ல எழுதிக் கொடுத்திருக்கா, அது நெசந்தானான்னு பாத்து மார்க் போடத்தானே வந்திருக்கீங்க? நீங்க பாஸ் போட்டா படிப்பு முடிஞ்சுது. முடிஞ்ச கையோட கோயம்புத்தூர் ஆஸ்பத்திரில வேலை. எம் மகனும் அங்கதான் மோட்டார் கம்பெனில இருக்கான். கல்யாணம் ஆகியும் அவன் அங்க, இவ இங்கன்னு கிடக்குதுக. இனிமே ஒண்ணா இருப்பாக. இருக்கட்டும். நான் ஒண்ணும் சொல்லல.

ஆனா அது என்ன படிப்பு டீச்சர்? நீங்க அதுக்கு வாத்தியார், கோவிச்சுக்கிடக் கூடாது. பொண்ணு பாக்கப் போனப்ப அவ அப்பா சொன்னாரு, "பொழுதுபோக்க வச்சு வைத்தியம் பாக்குத படிப்பு"ன்னு. நான் ஏதோ கம்ப்யூட்டர் சமாச்சாரம்னு தலைய ஆட்டிட்டு வந்துட்டேன். கல்யாணம் முடிஞ்சப்புறம் எதிர்த்த வீட்டு சண்முகத்தாய் கேக்கா, "மருமக என்ன படிக்கா மைனி?"ன்னு. சொன்னேன். "அப்ப படிச்சு முடிச்சுட்டு சினிமா தியேட்டர் நடத்துவாளோ?"ங்கா. எனக்கு நாக்கைப் புடுங்கிக்கிடலாம் போல இருந்துச்சு. எம் மகன் சின்னப்பிள்ளையில விளையாடிக்கிட்டே கிடக்கான்னு எத்தனை தடவ முதுகுத் தோலை உரிச்சிருப்பேன்! இப்ப அவன் பொண்டாட்டி விளையாடுததுக்கு நான் சோறு கட்டிக் கொடுக்கேன். காலம் டீச்சர், காலம்.

வந்த புதுசுல என்னை உக்கார வச்சு ஒரு கேள்வி கேட்டா. காலேஜ்ல யாரையாவது கேட்டுட்டு வரச் சொன்னாகளாம். நீங்கதான் சொல்லி விட்டீங்களோ என்னமோ. "அத்தை, ஓய்வு நேரத்துல நீங்க என்ன செய்வீங்க?"

"பாத்திரம் தேய்ப்பேன்."

"அது வேலை அத்தை. வேலை எல்லாம் முடிஞ்சப்புறம்?"

"உக்காந்து பூண்டு உரிப்பேன்."

"அதுவும் வேலைதான். உங்களுக்குப் பிடிச்சு, யாரும் சொல்லாம, நீங்களா என்ன செய்வீங்க?"

"சீக்கு வந்தா படுத்துக்கிடுவேன்"னேன்.

அவ எந்திரிச்சுப் போய்ப் பூண்டை எடுத்துட்டு வந்து எங்கூட உக்காந்து உரிச்சா. நல்லாவே உரிக்கா, அதுல குறை சொல்ல முடியாது.

பெறகுதான் இவுகளுக்கு இப்படி ஆச்சு. இவுக வாழைக்காய் மண்டில ஏலம் கூவுனவுக டீச்சர். விடியுமுன்ன மண்டில நின்னு கூவுனா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கும். வீட்டுலயும் அதே தொண்டைதான். "உப்பு எங்க"ன்னு கேட்டா அடுத்த வீட்டுக்காரி உப்பை எடுத்துக்கிட்டு ஓடி வருவா. போன ஆவணில ஒரு நாள் வாழைத்தாரைத் தூக்கிக் காட்டி ஏலத்தை ஆரம்பிச்சிருக்காக, பாதித் தொகையோட வாய் நின்னுருச்சு. அப்படியே சரிஞ்சுட்டாக. வலது கை, வலது கால், பேச்சு, எல்லாம் ஒரே போக்காப் போயிருச்சு.

ஆஸ்பத்திரில வச்சுப் பாத்தோம். காலு கொஞ்சம் கொஞ்சமா வந்துச்சு. பேச்சு வரல. "வரலாம், வராமலும் போகலாம்"ங்காரு டாக்டர். இதைச் சொல்ல ஒரு டாக்டரா? மழை வரலாம், வராமலும் போகலாம்னு நானுந்தான் சொல்லுவேன்.

வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். நான்தான் குளிப்பாட்டுனேன், நான்தான் ஊட்டுனேன், நான்தான் அள்ளிக் கொட்டுனேன். குறையாச் சொல்லல, யார் செய்வா பின்ன? ஆனா கஞ்சியை ஊத்துனா குடிப்பாக, குடிச்சு முடிச்சதும் சுவத்தைப் பாத்துத் திரும்பிக்கிடுவாக. என் மூஞ்சியைப் பாக்க மாட்டாக. நான் பேசுவேன், சண்முகத்தாய் கதை, கரண்டு பில்லு கதை, எல்லாம் பேசுவேன். சுவருதான் கேட்டுக்கிட்டு இருக்கும். எனக்கு ஒரு வார்த்தை போதும் டீச்சர். ஒரே ஒரு வார்த்தை என்னைப் பாத்துச் சொல்லிட்டாகன்னா போதும்னு அந்த வண்ணார்பேட்டை அம்மன்ட்ட எத்தனை தடவ கேட்டிருப்பேன்.

அப்பத்தான் இவ வந்து நிக்கா. "அத்தை, காலேஜ்ல ஒரு கேஸ் எடுத்துச் செய்யணும். நான் மாமாவையே எடுத்துக்கிடுதேன்." எடுத்துக்கோம்மா, ரேஷன் கடை அரிசியா, எடுத்துக்கோன்னேன்.

மொத நாள் ஒரு பலூன் கொண்டாந்தா. ரோஸ் கலர்ல. அதை ஊதி, கயிறு கட்டி, "மாமா, இதைத் தட்டுங்க"ங்கா. மண்டியே நடுங்க ஏலம் கூவுன மனுஷனுக்குப் பலூன்! இவுக பலூனைப் பாத்தாக, அவளைப் பாத்தாக, பெறகு என்னைப் பாத்தாக. 'இந்தப் பிள்ளைக்குக் கோட்டி பிடிச்சிருக்கா'ங்கிற மாதிரி ஒரு பார்வை. நாப்பது வருஷத்துக்கு மேல குடும்பம் நடத்துறோம், அன்னைக்குத்தான் நாங்க ரெண்டு பேரும் ஒரே கருத்தா இருந்தோம்.

பலூனுக்கு அப்புறம் கலர் பென்சில். மயில் படத்துக்குக் கலர் அடிக்கணுமாம். இவுக இடது கையால பென்சிலை எடுத்தாக, படக்குன்னு ஒடிச்சாக, கீழ போட்டாக. இவளுக்கு அழுகை வந்துருச்சு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம். உள்ளதைச் சொல்லணும்லா? நான் ஊட்டி ஊட்டி ஆகாதது, நீ மயிலைக் காட்டி ஆயிருமாக்கும்னு நினைச்சேன்.

ஆனா இவ விடுத ஆளு இல்ல. ஒரு நாள் சொல்லாமக் கொள்ளாம மண்டிக்கே போயிட்டா. அங்க மூடை தூக்குதவுகள்ட்ட, லாரிக்காரங்கள்ட்ட எல்லாம் விசாரிச்சிருக்கா. வந்து சொல்லுதா, "அத்தை, மாமாவுக்குத் தாயம்னா உசுராமே! ஏலம் முடிஞ்சதும் தெனமும் மண்டிப் பின்னால உக்காந்து ஆடுவாங்களாமே!"

எனக்கு அடுப்பு எரியுதா அணைஞ்சிருக்கான்னு தெரியல டீச்சர். ஏன்னு கேளுங்க. நான் களக்காட்டுக்காரி. எங்க தெருவுல எங்கூடத் தாயம் ஆட ஆம்பளைப் பயலுகளே பயப்படுவானுக. கல்யாணம் ஆகி வரும்போது பெட்டில சேலைக்கு அடியில பித்தளைத் தாயக்கட்டை ரெண்டும் வச்சுக் கொண்டாந்தேன். இவுக அதைப் பாத்துட்டு, "குடும்பப் பொம்பளை தாயம் உருட்டுனா வீடு வெளங்காது"ன்னு சொல்லி, பழைய பித்தளைக்காரன்ட்ட போட்டுட்டு ஒரு கரண்டியை வாங்கிட்டு வந்தாக. அந்தக் கரண்டிலதான் இன்னைக்கும் சாம்பார் ஊத்துதேன். வீடு வெளங்கணும்னு நான் தாயத்தை மறந்தேன். இவுக என்னடான்னா, "மண்டில கணக்கு முடிக்கணும், சாப்பிட நேரமாகும்"னு சொல்லிட்டு அத்தனை வருஷமும் அங்க உக்காந்து உருட்டியிருக்காக!

படுத்துக் கிடக்கவுகளை என்ன செய்ய முடியும்? அன்னைக்கு ரசத்துல மிளகைக் கூடப் போட்டேன். அம்புட்டுத்தான் என்னால முடிஞ்சுது.

இவ ஒரு பலகைல கட்டம் வரைஞ்சு, தாயக்கட்டை வாங்கி, அதை உருட்ட ஒரு தேங்காய்ச் சிரட்டையும் கொண்டாந்தா. ஒத்தைக் கையில உருட்ட முடியாதுல்லா, சிரட்டைல போட்டுக் குலுக்கிக் கவுத்தணும். அதுக்கு ஆயிரம் சட்டம் வேற. காயை அவுகதான் நகட்டணும், எவ்வளவு நேரம் ஆனாலும் நாம தொடக் கூடாது. பாவம்னு வேணும்னே தோத்தும் போகக் கூடாது. ஒரு காயை நாலு கட்டம் நகட்டுததுக்குள்ள நான் ஒரு படி அரிசி களைஞ்சு உலையில போட்டுருவேன் டீச்சர். இவ கன்னத்துல கை வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. கல் நெஞ்சுக்காரி. நான் ஒரு தடவ கை நீட்டப் போனதுக்கு, "தொடாதீங்க அத்தை"ன்னு சள்ளுனு விழுந்தா. யாரு புருஷன்? எம் புருஷன்.

ஒரு நாள் அடுப்படில நிக்கேன், உள்ள இருந்து 'கெக், கெக்'ன்னு ஒரு சத்தம். கஞ்சி புரையேறிட்டுன்னு தண்ணியைத் தூக்கிக்கிட்டு ஓடுனேன். பாத்தா, சிரிப்பு! வாய் ஒரு பக்கமாக் கோணிக்கிட்டு, கண்ணுல தண்ணி வர, இவுக சிரிக்காக. இவ காயை வெட்டிட்டாகளாம். அவளும் தலைல அடிச்சுக்கிட்டுச் சிரிக்கா. நான் செம்பும் கையுமா நிக்கேன். ரெண்டு பேரும் என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல.

எனக்கு வயிறு எரிஞ்சுது டீச்சர். நீங்க என்ன நினைச்சாலும் சரி. சிரிச்சது சந்தோஷந்தான், குலதெய்வத்துக்குத் தேங்காய் உடைச்சேன். ஆனா எங்கிட்ட இல்லாத சிரிப்பு அவகிட்ட எப்படி வந்துச்சு? அள்ளிக் கொட்டுனது நானு, சிரிப்பு அவளுக்கா? அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கல.

பெறகு ஒரு நாள் இவளுக்குத் தலைவலி. பலகையை எடுத்து வச்சுட்டு, நெத்தியைப் பிடிச்சுக்கிட்டு, "அத்தை, இன்னைக்கு ஒரு நாள் நீங்க உக்காருங்களேன். விட்டுப் போனா கேஸ் கெட்டுப் போயிரும்"னு கெஞ்சுதா. எனக்கு அதுல ஒண்ணும் இஷ்டம் இல்ல. பிள்ளை படிப்பு கெட்டுறக் கூடாதேன்னுதான் கையைத் துடைச்சுட்டுப் போய் உக்காந்தேன். ஒரு நல்ல சேலையைச் சுத்திக்கிட்டேன், அது சும்மா, கட்டியிருந்தது ஈரமா இருந்துச்சு.

எடுத்ததும் எனக்குத் தாயம் விழுந்துச்சு. இவுக நிமிந்து பாத்தாக. அடுத்தும் தாயம். கை மறக்கல டீச்சர்! நான் ஓட்டுத ஓட்டத்துல இவுக காயெல்லாம் பாவமா நிக்கி. கடைசில ஒரு காய், ரொம்ப நேரமா விரல் நடுங்க நடுங்க நகட்டிக் கொண்டாந்த காய், பழமாகுத நடுக்கட்டத்துக்குப் பக்கத்துல வந்துருச்சு. நான் உருட்டுதேன், நாலு விழுது. எண்ணுனா சரியா அந்தக் காயை வெட்டணும்.

எப்படி வெட்ட? நீங்களே சொல்லுங்க. அந்தக் காயைக் கொண்டு வர அவுக பட்ட பாட்டை நான் பாத்துக்கிட்டுல்லா இருந்தேன். அதனால மெதுவா, ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சுன்னு ஒரு கட்டத்தைத் தாண்டி வச்சுட்டேன். வச்சுட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி மோட்டுவளையைப் பாத்தேன்.

ஏலக்காரர் கண்ணு டீச்சர். தூரத்துல கிடக்க தார்ல எத்தனை காய் பிஞ்சுன்னு சொல்லுத கண்ணு. இடது கையால பலகைல 'டமார்'னு ஒரு அடி. காயெல்லாம் குதிக்கி. மூஞ்சி செவந்து, கழுத்து நரம்பு புடைச்சு, வாய் கோணிக்கிட்டு, உள்ளுக்குள்ள இருந்து என்னத்தையோ புடுங்கி எடுக்க மாதிரி, "வெ... வெ... வெட்டுட்டி! சவத்து மூதி!"ன்னாக.

தெருவுல போறவன் நின்னு பாத்தான். சண்முகத்தாய் கரண்டியோட ஓடி வந்தா. தலைவலின்னு படுத்திருந்தவ எந்திரிச்சு வந்த வேகத்தைப் பாக்கணுமே! வந்து என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுக் குதிக்கா, அழுதா. நான் பிடிச்சு வச்ச பிள்ளையாரு மாதிரி உக்காந்திருக்கேன். பாவம்னு விட்டுக் கொடுத்ததுக்கு எனக்குக் கிடைச்ச பட்டம் சவத்து மூதி!

"சரி, வெட்டிட்டேன் போங்க"ன்னு காயை எடுத்து வெளியில வச்சேன். உடனே இவுக சிரிச்சாக பாருங்க. அந்தக் கெக்கெக்குச் சிரிப்பு. என்னைப் பாத்து. நான் எந்திரிச்சு, பின்னால கொல்லைக்குப் போய், முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டு அழுது தீத்தேன். கோவத்துல அழுதேன் டீச்சர், வேற ஒண்ணும் இல்ல.

அதுல இருந்து தெனமும் சாயங்காலம் நான்தான் உக்காருதேன். என்ன செய்ய, தெனமும் அந்த நேரத்துக்குத்தான் இவளுக்குத் தலைவலி வருது. நல்ல டாக்டரைப் பாருட்டின்னு சொன்னா சிரிச்சுக்கிட்டே போறா. படிச்ச பிள்ளை, உடம்பைப் பேணத் தெரியல. இப்ப இவுகளுக்கு வெட்டு, தாயம், கள்ளி, சவத்து மூதி, எல்லாம் தெளிவா வருது. எல்லாம் எனக்குத்தான். அவளைப் பாத்தா சும்மா சிரிக்கதோட சரி. அவளை ஒரு நாள் கூடத் திட்டுனதில்ல. இதையும் எழுதிக்கிடுங்க.

என்ன கேட்டீங்க? பாஸ் போடலாமாவா? என்னையா கேக்கீங்க?

கொஞ்சம் இப்படி நகந்து உக்காருங்க. சத்தம் போட வேண்டாம். ஃபெயில் போட்டுருங்க டீச்சர்.

அப்படிப் பாக்காதீங்க. அவ மேல எனக்கு என்ன கோவம்? தங்கமான பிள்ளை. ரசத்துக்குப் பெருங்காயம் போட மறப்பா, வேற குறை கிடையாது. ஒரு வருஷம் மட்டும் ஃபெயில் போடுங்க. ஃபெயிலானா யாரும் செத்தா போயிருதாக? எம் மகன் பத்தாப்புல ரெண்டு தடவ ஃபெயிலு, இன்னைக்குக் கம்பெனில சூப்பர்வைசர்.

நீங்க பாஸ் போட்டா அவ போயிருவா. இந்தப் பலகையைத் தெனமும் கொண்டாந்து வைக்கது அவதான். மருமக காலேஜுக்காகத்தான் ஆடுதோம்னு இவுகளும் உக்காருதாக, நானும் உக்காருதேன். கேஸ் முடிஞ்சு போச்சுன்னா எதுக்கு ஆட? நானாப் போய், ஆட வாரீங்களான்னு கேக்கணுமா? கேட்டு, இவுக மறுபடியும் சுவத்தைப் பாத்துத் திரும்பிக்கிட்டாகன்னா? எனக்குப் பயமா இருக்கு டீச்சர். அந்த முதுகைப் பாத்துக்கிட்டு இன்னொரு தடவ என்னால உக்காந்திருக்க முடியாது. வாய் பேசாம இருந்தாக்கூடத் தாங்கிக்கிடுவேன், அந்த முதுகைத் தாங்க முடியாது. அதனாலதான் கேக்கேன். ஒரே ஒரு வருஷம்.

இருங்க. உள்ள என்ன சத்தம்? கட்டில் கிரீச்சுன்னுச்சே. ஏங்க, முழிச்சா கிடக்கீங்க? எம்புட்டு நேரமா? அட எழவே, இன்னைக்கு மாத்திரை வேலை செய்யலையா? அம்புட்டையும் கேட்டுட்டாக போலயே. இனிமே நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு உள்ள போக?

என்னது? பதறாம மெதுவாச் சொல்லுங்க. அவ... போட்டும். சரி. அப்புறம்? நீ... நீ... ம்? நீ வா. பலகை... எடுத்துட்டு வாவா?

டீச்சர், உங்க காதுலயும் விழுந்துச்சுல்லா? அவ போகட்டுமாம். என்னைப் பலகையை எடுத்துட்டு வரச் சொல்லுதாக. செல்வி இங்க இல்ல டீச்சர், அவ பால் கடைல நிக்கா. யாரும் சொல்லிக் கொடுக்கல. கட்டிட்டு வந்த நாள்ல இருந்து இவுக என்னைப் போன்னு சொல்லிருக்காக, கொண்டான்னு சொல்லிருக்காக. எங்கூட உக்காருன்னு ஒரு நாளும் கூப்பிட்டதில்ல.

பாஸ் போட்டுருங்க. போடுததுதான் போடுதீங்க, மார்க்கைக் கஞ்சத்தனம் பண்ணாம அள்ளிப் போடுங்க. பிள்ளை புருஷங்கிட்டப் போய்ச் சேரட்டும். நான் ஃபெயில்னு சொன்னதை மட்டும் அவகிட்டச் சொல்லிராதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அவ வந்தா காப்பி போட்டுத் தரச் சொல்லி வாங்கிக் குடிங்க. நான் எந்திரிச்சு வர நேரமாகும்.

இந்தா, வாரேங்க!